சாணைக்கல்லைச் சாணை பிடிப்பது எது?

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மிஷின் துணியின் ஓரத்தைத் தைத்துக்கொண்டே செல்லும்போது மிகுதியை வெட்டித் தள்ளுகிற மேல்கத்தி, கீழ்கத்தி என்னும் சிறு கத்திகள் இரண்டும் மழுங்கிவிட்டால், துணி பிசிறடித்து, அன்றைய உருப்படிகளில் ஒரு பங்கு டேமேஜ் குவியலுக்குப் போய்ச் சேரும் என்பதும், அவற்றைத் தீட்ட நல்லதொரு சாணை இயந்திரம் வேண்டும் என்பதும் அவ்வூரில் தொழில் பழக வந்த சிறுவனும் அறிந்த செய்தி. ஆனால் அந்தச் சாணையின் அச்சு ஆட்டமில்லாமல் சுழல வேண்டுமானால் அதை லேத்தில் நேராகக் கடைந்திருக்க வேண்டும். நேராகக் கடைய லேத்தின் உளி கூராக இருக்க வேண்டும். உளி கூராக இருப்பதற்கோ முதலில் ஒரு நல்ல சாணை வேண்டும். இப்படி ஒன்றையொன்று சார்ந்து வட்டமிடும் வாதத்தை அந்நியோந்நியாசிரயம் என்றும், முடிவின்றிப் பின்னோக்கி ஓடும் வாதத்தை அநவஸ்தை என்றும் பெயரிட்டு, இரண்டையும் தோஷங்களாக ஒதுக்கினார்கள் நம் தர்க்க சாஸ்திரிகள். சாஸ்திரம் தோஷமென்று தள்ளிய அந்த வட்டத்துக்குள்ளேதான் கோயம்புத்தூர் முதல் திருப்பூர் வரை ஆயிரக்கணக்கான லேத் பட்டறைகள் நாள்தோறும் தொழில் செய்து பிழைக்கின்றன என்பதை நினைக்கும்போது, பிசகு தர்க்கத்தில் இருக்கிறதா, நாம் அதைப் பொருத்திப் பார்த்த விதத்தில் இருக்கிறதா என்று விசாரிக்கத் தோன்றுகிறது.

இது வெறும் பட்டறை விவகாரம் அன்று. ஆணவம் என்னும் மூல அழுக்கால் மறைக்கப்பட்ட அறிவைக் கொண்டே அந்த மறைப்பை அறிந்து நீங்க வேண்டியிருக்கிற ஆன்மாவின் நிலைமையும் இதுதான். கோணலான கருவி தன்னைக் காட்டிலும் நேரான ஒன்றைப் பெற்றெடுக்குமா, பெற்றெடுக்குமானால் அந்த நேர்மை எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்குச் சைவ சித்தாந்தம் ஒரு விடை சொல்கிறது. பட்டறையும் ஒரு விடை சொல்கிறது. இரண்டும் எவ்வளவு தூரம் ஒத்துப் போகின்றன என்று பார்ப்பதே என் நோக்கம்.

பட்டறையிலிருந்தே தொடங்கலாம். பனியன் கம்பெனிகளில் நெடுங்காலம் மிஷின் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர், அனுப்பர்பாளையத்தில் தம் வீட்டின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில், தாமே ஒரு சாணை இயந்திரத்தைச் செய்து, செய்ததோடு நில்லாமல் அதை மேலும் மேலும் திருத்திக்கொண்டிருக்கிறார். பவர் டேபிள்களில் சர்வோ மோட்டார் புகுந்த பிறகு பழைய கிளச் மோட்டார்கள் இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கின்றன. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 2,800 சுற்றுச் சுழலும் அப்படியொரு மோட்டார்தான் அவருடைய இயந்திரத்தின் பிராணன். அதில் 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள கல்லை ஏற்றினால் கல்லின் விளிம்பு நொடிக்குச் சுமார் 22 மீட்டர் ஓடும். அது கல்லின்மேல் அச்சிட்டிருக்கும் வேக வரம்புக்கு உட்பட்டதே என்பதைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே அவர் சுவிட்சைத் தொட்டார். வரம்பு மீறிச் சுழலும் கல் வெடித்துச் சிதறினால் என்ன ஆகும் என்பதைக் கண்டவர்கள் அந்தக் கணக்கில் அலட்சியம் காட்டமாட்டார்கள்.

முதலில் அவர் கடைந்த அச்சு, கையாலேயே தீட்டிய உளியால், தேய்ந்துபோன ஒரு பழைய லேத்தில் கடையப்பட்டது. டயல் கேஜை வைத்துப் பார்த்தபோது முள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு முன்னும் பின்னும் ஆடிற்று. அதில் தீட்டிய கத்தியின் முகத்தில் நகத்தை ஓட்டினால் மெல்லிய அலைகள் தட்டுப்பட்டன. ஆயினும் அந்த ஆடும் சாணையிலேயே லேத் உளியைத் தீட்டி, அந்த உளியால் இரண்டாவது அச்சைக் கடைந்து, முதல் அச்சைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தியபோது, முள்ளின் ஆட்டம் கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்கு இறங்கியது. பெற்ற தாயை மகளே திருத்துவது போன்ற இந்த விசித்திரம் எப்படி நடந்தது?

விடை அந்தக் கல்லின் அருகில் குனிந்து பார்த்தால் பிரத்தியட்சமாகத் தெரியும். கல்லை அச்சில் எவ்வளவு கோணலாக மாட்டினாலும், வைரமுனை பதித்த டிரெஸ்ஸரை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி, கல்லைச் சுழலவிட்டு, மெல்ல மெல்ல நெருக்கிக்கொண்டு போனால், மேடான பாகம் மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் வைரத்தின் மேல் வந்து மோதித் தேய்கிறது. தாழ்ந்த பாகம் தொடாமலே போகிறது. சற்று நேரத்தில் உராயும் ஓசை விட்டுவிட்டுக் கேட்பது நின்று ஒரே சீராகிறது. அப்போது கல், தன் துளைக்கு அல்ல, தான் சுழலும் அச்சுக்கு வட்டமாகிவிட்டது. இங்கே வட்டத்தை உண்டாக்க வேறொரு வட்டம் தேவைப்படவில்லை. அசையாத ஒரு புள்ளியும், அதைச் சுற்றித் தவறாமல் வந்துபோகும் ஒரு சுழற்சியுமே போதுமாக இருந்தன. அதுபோலவே உளியின் விளிம்பு நேராக வருவது கல்லின் நேர்மையால் அன்று. உளியைத் தாங்கிக்கொண்டு நகரும் சட்டத்தின் நேர்மையால். ஆகவே கருவியின் குறை முழுவதும் அப்படியே காரியத்துக்குப் போய்விடுகிறது என்று நினைத்ததுதான் நம் வாதத்தின் பிசகு. சில குறைகள் போகின்றன, சில போவதில்லை, எது போகும் எது போகாது என்று பகுத்தறிந்து, போகாத வழியைத் தேர்ந்துகொள்வதே தொழிலாளியின் யுக்தி.

உலகத்தில் வேறிடங்களிலும் இந்த யுக்தியை வீட்டுப் பட்டறைக்காரர்கள் கையாண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் டேவிட் ஜிஞ்சரி என்பவர், கரியடுப்பில் அலுமினியத்தை உருக்கி வார்த்து, பாதி உருவான லேத்தைக் கொண்டே அதன் மீதிப் பாகங்களைச் செய்துகொள்ளும் முறையை 1980ஆம் ஆண்டையொட்டி நூல்களாக எழுதினார். இங்கிலாந்தில் சாடக் என்ற பேராசிரியர், வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய சாணை இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். அது லெஸ்டர்ஷையரிலுள்ள குவார்ன் என்னும் ஊரின் பெயரைத் தாங்கி, இன்றும் ஆர்வலர்களால் செய்யப்பட்டு வருகிறது. நமக்கோ அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. திருப்பூருக்கு மேற்கே கலங்கல் கிராமத்தில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்து, கோயம்புத்தூர் ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் அதை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மறுபடி பூட்டியே எந்திர வித்தையைக் கற்றார் என்பது கொங்கு நாட்டில் பாட்டிமார் சொல்லும் கதையாகவே ஆகிவிட்டது.

இவற்றைக் காட்டிலும் நம் விசாரணைக்கு நெருக்கமானது மட்டப்பலகையின் கதை. எந்திரத் தொழிலில் எல்லா நேர்மைக்கும் மூலாதாரமான சமதளத்தை உண்டாக்கும் முறையை, லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1840இல் கிளாஸ்கோ நகரத்தில் கூடிய பிரிட்டிஷ் சங்கத்தின் முன் விளக்கினார். மூன்று இரும்புப் பலகைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றின்மேல் மெல்லிய சாயம் பூசி, மற்றதன்மேல் வைத்து நகர்த்தினால், மேடு உள்ள இடத்தில் மட்டும் சாயம் ஒட்டும். ஒட்டிய இடத்தைச் சுரண்டியால் சுரண்ட வேண்டும். மீண்டும் பூசி மீண்டும் சுரண்ட வேண்டும். பலகைகள் இரண்டாக மட்டும் இருந்தால் ஒன்று குவிந்தும் மற்றது குழிந்தும் ஒன்றோடொன்று அப்பழுக்கில்லாமல் பொருந்திவிடும். சாயமும் எங்கும் சமமாக ஒட்டும். பார்ப்பவர்களுக்கு இரண்டும் சமதளமாகவே தோன்றும். முதல் பலகைக்குப் பொருந்தும்படி இரண்டாவதையும் மூன்றாவதையும் தனித்தனியே சுரண்டிவிட்டு, பின்பு இரண்டாவதையும் மூன்றாவதையும் எதிரெதிரே வைத்தால்தான் குட்டு வெளிப்படும்: முதலாவது குவிந்திருந்தால் மற்ற இரண்டும் குழிந்திருக்கும், இரு குழிவுகள் ஓரங்களில் மட்டும் தொட்டுக்கொண்டு நடுவே வெளிவிட்டு நிற்கும். அப்படியும் சில முறுக்கல்கள் தப்பித்துக்கொள்ளும் என்பதால் பலகையைக் கால்வட்டம் திருப்பி வைத்துப் பார்ப்பதும் உண்டு. இதற்கு முன்னே பலகைகளை எமரிப் பொடி தூவி ஒன்றோடொன்று தேய்க்கும் வழக்கம் இருந்தது. பொடி எங்கே தங்கி எங்கே தின்கிறது என்று யாருக்கும் தெரியாத அந்தக் குருட்டு முறையை விட்வொர்த் கண்டித்தார்.

இந்த விஷயத்தை நண்பரிடம் சொன்னபோது, அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, "ரெண்டு பேரு கூடிக்கிட்டாப் பொய்யி நிக்குமுங்க. மூணாவது ஆளு வந்தா எப்பிடீங்க நிக்கும்?" என்றார். பஞ்சாயத்துகளில் உட்கார்ந்து பழகிய மனிதர் பேசியது அது. ஆயினும் தத்துவ விசாரணைக்கு இதைவிடச் சுருக்கமான சூத்திரம் எனக்குக் கிடைக்கவில்லை. உலகமும் உயிரும் என இரண்டே பொருள்களைக் கொண்டால், உயிர் தன் குறைக்கு ஏற்ப உலகத்தை வளைத்துக்கொள்ளும், உலகமும் அந்த வளைவுக்குப் பொருந்தி நிற்கும், இரண்டுக்குமிடையே முரண்பாடே தோன்றாது. பேராசைக்காரனுக்கு உலகம் பேராசைக்காரர்களால் நிறைந்ததாகவே தெரிகிறது, அவன் கொண்ட சாயம் எங்கும் சமமாக ஒட்டுகிறது. சித்தாந்தம் பதியாகிய இறைவன், பசுவாகிய உயிர், பாசமாகிய தளை என மூன்றை அநாதியாக வைத்ததற்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் இரண்டு பொருள்கள் தம்முள் ஒத்துக்கொள்வது உண்மைக்கு லட்சணமாகாது என்ற இந்தச் சந்தேகமும் அந்த ஏற்பாட்டின் அடியில் கிடப்பதாகவே என் அபிப்பிராயம்.

இனிச் சித்தாந்தத்தின் விடைக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் பன்னிரண்டு சூத்திரங்களில் சிவஞான போதத்தை அருளினார். அவருடைய மாணாக்கரான அருணந்தி சிவாசாரியார் அதற்கு விரிவாகச் சிவஞான சித்தியாரை இயற்றினார். மாயையும் ஒரு மலம்தான், அழுக்குதான். அந்த மாயையிலிருந்தே உடம்பு, கருவி, உலகம், நுகர்ச்சி ஆகிய தனு கரண புவன போகங்களை இறைவன் படைத்து உயிருக்குக் கொடுக்கிறான் என்றால், அழுக்கைக் கொண்டு அழுக்கைப் போக்க முடியுமா என்ற ஆட்சேபம் எழுகிறது. அதற்கு அருணந்தியார் காட்டும் உவமை வண்ணானுடையது: சாணியும் உவர்மண்ணும் அழுக்கே ஆயினும், அவற்றைத் துணியில் ஏற்றித்தான் வண்ணான் துணியின் பழைய அழுக்கையும் சேர்த்துக் கழிக்கிறான். துணியும் சாயமும் சலவையும் பிழைப்பாகிய திருப்பூருக்கு இதைவிடப் பொருத்தமான உவமையைத் தேடவேண்டியதில்லை.

பொருத்தம் என்றேன், அந்தப் பொருத்தமே ஓரிடத்தில் நெருடவும் செய்கிறது. கழிந்த அழுக்கு எங்கே போயிற்று என்று வண்ணானின் உவமை கேட்பதில்லை. சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்கென்று கட்டப்பட்ட அணை விவசாயிகளே திறக்க வேண்டாமென்று அஞ்சும் நஞ்சுக்குட்டையாகி, கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட நேர்ந்த வரலாற்றை அறிந்த ஊரில், அழுக்கால் அழுக்கைக் கழிப்பது அவ்வளவு சுலபமாக முடிந்துபோகும் விஷயமாகத் தோன்றாது. கன்மம் அனுபவித்தே தீரவேண்டும் என்று வற்புறுத்திய சித்தாந்திகளுக்கு, கழிந்ததும் ஓரிடத்தில் தேங்கித்தான் நிற்கும் என்பது புதிய செய்தியாக இருந்திராது. ஆனால் உவமையைச் சொல்லும் நாம் அந்தப் பகுதியை விட்டுவிட்டுச் சொல்லப் பழகிவிட்டோம்.

சாணைக்கல் இந்த இடத்தில் வண்ணானின் மண்ணைவிட நேர்மையாக நடந்துகொள்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. கல் என்பது கடினமான மணிகளை ஒரு பசையால் இணைத்துச் சுட்ட பண்டம். சென்னைத் திருவொற்றியூர் முதலிய இடங்களில் இவை செய்யப்படுகின்றன. உருக்கைத் தீட்டும்போது மணிகளும் மழுங்குகின்றன. மழுங்கிய மணி தன் பிடியை விட்டு உதிர்ந்து, அடியிலிருக்கும் கூரான மணிக்கு இடம் கொடுத்தால்தான் கல் வேலை செய்யும். அதனால் கடினமான உருக்குக்கு மணியை எளிதில் விட்டுக்கொடுக்கும் இளகிய கல்லையும், மென்மையான இரும்புக்கு இறுகிய கல்லையும் பூட்டுவது தொழிலில் விதி. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாகவே ஊகிப்பார்கள். தன் மணியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கல் மினுக்கேறிப் போகிறது. வெட்டுவதை விட்டுவிட்டு வெறுமனே உராய்ந்து சூடேற்றுகிறது. பழைய கார்பன் உருக்கானால் விளிம்பில் நீலம் படர்ந்து, தோய்ச்சலில் ஏறிய பதம் அந்த நிமிஷமே போய்விடும். ஹைஸ்பீடு உருக்கு மட்டும் அந்த நீலத்தைப் பொறுத்துக்கொள்ளும்.

வேதாந்திகள் இவ்விடத்தில் தேற்றாங்கொட்டையைக் காட்டுவார்கள்: கலங்கிய நீரைத் தெளியவைத்துத் தானும் கலங்கலோடு அடியில் படிந்துவிடும் அது போல, ஞானம் அஞ்ஞானத்தை நீக்கித் தானும் ஒழியும் என்பார்கள். கல்லின் மணிகளுக்கு அது பொருந்துகிறது. அச்சுக்கும் சட்டத்துக்கும் பொருந்தவில்லை. நண்பருடைய முதல் அச்சு ஒழிந்துபோகவில்லை. கொட்டகையின் மூலையில் துரு ஏறாமல் கிரீஸ் தடவி வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது பழுதானால் அதுவே மறுபடி வேலைக்கு வரும்.

அருணந்தியாரின் சொந்த வரலாறே இந்த முறைமைக்கு உதாரணமாக இருப்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மரபு சொல்கிறபடி, மெய்கண்டாருடைய குடும்பத்துக்குக் குலகுருவாக இருந்தவர் அருணந்தியார். அந்தக் குடும்பத்தில் பிறந்த இளம்பிள்ளை உபதேசம் செய்வதைக் கேள்விப்பட்டு, தம்மை வந்து வணங்காததையும் குறையாக எண்ணி, அங்கே சென்று, ஆணவ மலத்தின் சொரூபம் என்ன என்று கேட்டார். பிள்ளை வாய் திறக்கவில்லை. அவர் நின்ற நிலையையே மேலிருந்து கீழ்வரை நோக்கிக் காட்டிற்று. கேட்டவர் அந்தக் கணமே விழுந்து வணங்கிச் சீடரானார். அருணந்தியார் கற்றிராத சாஸ்திரம் ஒன்றையும் பிள்ளை சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அவர் தாமாகக் காணமுடியாத மேட்டின்மேல் சாயம் ஒட்டியது, அவ்வளவே. இறைவன் உயிருக்குச் செய்வதைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று சித்தாந்திகள் இரண்டாகப் பிரித்தார்கள். காட்டுவது மட்டும் போதாது, காண்பதற்கும் உடனின்று உதவ வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. சாயம் காட்டும், ஆனால் காட்டப்பட்டதைக் குறையென்று கண்டு மனம் பொறாமல் சுரண்டியைக் கையிலெடுக்கிறவன் வேறு ஒருவன்.

பட்டறையின் விடை இங்கே நின்றுவிடுகிறது. மூன்று பலகைகளையும் ஓர் அறையில் வைத்துப் பூட்டினால் எத்தனை யுகம் ஆனாலும் அவை சமதளமாகா. கிளச் மோட்டாருக்குத் தன் அச்சு ஆடுகிறதே என்ற விசனம் கிடையாது. ஸ்குரூ டிரைவரின் முனையைப் பேரிங்கின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்தி, உள்ளே உருளைகள் ஓடும் ஓசையில் ஒரு பிசிறைக் கேட்டு முகஞ்சுளிக்கிற மனிதனுக்குத்தான் அந்த விசனம். அவன் ஆட்டமே இல்லாத அச்சை ஒருநாளும் கண்டதில்லை. கண்டிராத ஒன்றை அளவுகோலாகக் கொண்டு, கண்டதையெல்லாம் குறையென்று அவன் எப்படித் தீர்மானிக்கிறான்? அனுபவத்தின் தொகுப்பால் என்று லோகாயதர் சொல்வர். தொகுத்த அனுபவங்கள் யாவுமே ஆட்டமுள்ள அச்சுகளின் அனுபவங்களாக இருக்கும்போது, அவற்றின் சராசரியும் ஓர் ஆட்டமுள்ள அச்சாகத்தானே இருக்கவேண்டும்? இந்த இடத்தில் சித்தாந்தியின் பக்கமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. உயிருக்குள் உயிராய் நிற்பதொன்று உள்ளிருந்து உணர்த்துகிறது என்று அவர் சொல்வதை முழுவதும் ஏற்காதவர்களும், ஏற்காமல் விடுவதற்கு வேறொரு காரணத்தைக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

வைரமுனையைப் பதிக்கு உவமையாக்கலாமா என்று ஒருமுறை எனக்குத் தோன்றியது. அது தான் அசையாமல் நிற்கிறது. எதையும் துரத்திப் போவதில்லை. அதன் சந்நிதியில் கல் தானே வந்து தன் மேட்டை இழக்கிறது. ஆனால் வைரமும் தேய்கிறது. டிரெஸ்ஸரை அவ்வப்போது திருப்பிப் பிடிக்காவிட்டால் முனை தட்டையாகிவிடும் என்று நண்பர் காட்டியதும் அந்த உவமையைக் கைவிட்டேன். மாறுதலில்லாத பதிக்குத் தேயும் பொருளை ஒப்பிடுவது சரியாகாது.

ஆணவத்தைப் பற்றிய உவமை மட்டும் தேறுகிறது. முத்தியிலும் ஆணவம் அழிந்துபோவதில்லை, அதன் சக்தியே மடங்கிக் கிடக்கிறது என்பது சித்தாந்தத்தின் நுட்பமான கோட்பாடுகளில் ஒன்று. அனுப்பர்பாளையத்துப் பாத்திரத் தொழிலாளர் செம்பை எவ்வளவு துலக்கினாலும் களிம்பு ஏறும் இயல்பு செம்பை விட்டுப் போவதில்லை என்று அறிவார்கள். அந்தக் களிம்பையும் சித்தாந்திகள் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார்கள். புதிய அச்சில் ஆட்டம் போயே விட்டதா என்று நண்பரைக் கேட்டேன். "போகலீங்க. இந்தக் கேஜுக்கு எட்டாத தூரத்துல இருக்குதுங்க. ஓவர்லாக் கத்திக்கு அதுக்கு மேல வேண்டியதும் இல்லீங்க" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, இன்னும் நுட்பமான கேஜ் ஒன்று கோயம்புத்தூரில் பழைய விலைக்கு வருவதாகவும், அது வந்தால் மூன்றாவது அச்சைப் பற்றி யோசிக்கவேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார். முத்தி பெற்ற உயிர் மீண்டும் கட்டுப்படாது என்கிறது சாஸ்திரம். இவருடைய பேரிங்கோ ஓராண்டு ஓடினால் மறுபடி தளரும். ஆகவே வீடுபேற்றுக்கு உவமை தேடி அந்தக் கொட்டகைக்குப் போகிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. சாதனையின் நடுவில் இருப்பவன் எப்படி இருப்பான் என்று பார்க்க விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமை போவது நல்லது; சனிக்கிழமை சம்பள நாளாகையால், வாரக் கடைசி உருப்படிகளை முடிக்கவேண்டிய அவசரத்தில் சுற்றுவட்டாரத்து மழுங்கிய கத்திகளெல்லாம் அன்று அங்கே வந்து குவிந்திருக்கும்; மனிதர் தலை நிமிர மாட்டார்.